குரங்கைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் படிக்காதீர்கள். சாயங்காலம் காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். பள்ளிக்கூடத்தில் நாற்பத்தைந்து நிமிடம் ஆனால் மணி அடித்துவிடும். இங்கே அடிக்க ஆளில்லை, அதனால்தான் அம்மாவுக்கு நிறுத்தத் தெரியவில்லை என்கிறாள் என் மகள்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி பெருங்களத்தூர் வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் என்னிடம் விலங்கியல் படித்தவள். கரப்பான்பூச்சியை அறுக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவாள். 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் கணவர் போய்விட்டார். ஒரு பெண் குழந்தை. இப்போது மறுமணம் செய்துகொள்ளப் போகிறாள். பதிவுத் திருமணம், அப்புறம் வீட்டளவில் ஒரு சாப்பாடு. "நீங்க கண்டிப்பா வரணும் டீச்சர்" என்று பூவும் பழமும் வைத்துக் கூப்பிட்டாள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, முதலில் பேச்சை எடுத்ததே அவளுடைய மாமியார் என்பதுதான். "நான் இருக்கற வரைக்கும் சரிம்மா, அதுக்கப்புறம் உனக்கு யாரு?" என்று கேட்டாராம்.

அடுத்த வாரம் ராத்திரி பத்து மணிக்கு அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. பின்னணியில் சோக வயலின். ஒரு கறுப்புக் குரங்கு மரக்கிளையில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அசாமில் வாழும் ஹூலக் கிப்பன் வாழ்நாள் முழுக்க ஒரே துணையோடுதான் வாழுமாம். துணை செத்துவிட்டால் மற்றது அன்னந்தண்ணி தொடாமல் அங்கேயே உயிரை விடுமாம். கடைசியில் பெரிய எழுத்தில், ஐந்தறிவு ஜீவனுக்கு இருக்கும் கற்பு ஆறறிவு மனிதர்களுக்கு எங்கே போயிற்று என்று ஒரு கேள்வி. அவர்கள் குடும்பக் குழுவில் இதைப் போட்டவர் அவளுடைய கொழுந்தனார். யார் பெயரும் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை, குழுவில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. கீழே ஒரே வரிதான் எழுதியிருந்தாள். "டீச்சர், இது உண்மையா?"

பாதி உண்மை, மீதியை எழுதுகிறேன் என்று பதில் போட்டேன். அந்த மீதிதான் இது. பெயரும் ஊரும் வேண்டாம், ஆனால் எழுதுங்கள் என்று அவளே சொல்லிவிட்டாள்.

முதலில் கிப்பனைப் பற்றி. குரங்கு என்று சொல்லிவிட்டேன், அது தவறு. வாலில்லாதது, மனிதக்குரங்கு வகை. இந்தியாவில் காட்டில் வாழும் மனிதக்குரங்கு இது ஒன்றுதான், வடகிழக்கு மாநிலங்களில் மட்டும் இருக்கிறது. வளர்ந்த ஆண் கறுப்பு, புருவம் மட்டும் வெள்ளை. பெண் பொன்னும் பழுப்பும் கலந்த நிறம். குட்டி வெளிறிப் பிறந்து, பிறகு கறுத்து, பெண்ணாக இருந்தால் பருவத்துக்கு வரும்போது மறுபடி நிறம் மாறும். ஆண், பெண், அவர்களுடைய ஓரிரு பிள்ளைகள் என்று சின்னக் குடும்பம். காலையில் இரண்டும் சேர்ந்து உச்சஸ்தாயியில் குரல் கொடுக்கும். இது எங்கள் இடம், நாங்கள் இருவர் இருக்கிறோம் என்று பக்கத்துக் குடும்பத்துக்கு அறிவிப்பு. ஆக, வீடியோவில் சொன்ன ஜோடி வாழ்க்கை உண்மை.

அதற்கு மேல் சொன்னதுதான் கதை. கிப்பன் இனங்களிலேயே மிக நீண்டகாலம் கவனிக்கப்பட்டவை தாய்லாந்தின் காவ் யாய் தேசியப் பூங்காவில் இருப்பவை. அங்கே வெள்ளைக்கை கிப்பன்கள் எல்லையோரத்தில் பக்கத்துக் குடும்பத்து கிப்பனோடு கூடுவதை 1990களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு பெண், இரண்டு ஆண் என்று அமைந்த குடும்பங்களும் உண்டு. ஒரு துணை செத்தாலோ, வெளியேறினாலோ, வேறொருவரால் விரட்டப்பட்டாலோ அந்த இடத்துக்குப் புதிய துணை வந்துவிடுகிறது. உயிருடன் இருக்கும் துணையை விட்டு அடுத்த குடும்பத்துக்குப் போவதும் நடக்கிறது. பட்டினி கிடந்து உயிர்விடுவது அவற்றின் வழக்கமில்லை.

அப்படியானால் அந்தத் தனிக் கிப்பன்? அசாமில் ஜோர்ஹாட் மாவட்டத்தில் ஹோலாங்காபார் கிப்பன் சரணாலயம் இருக்கிறது. 1997இல் அறிவித்தது, பரப்பு 21 சதுர கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. சுற்றிலும் தேயிலைத் தோட்டம், ஊர்கள். அந்தச் சின்னக் காட்டையும் ஒரு ரயில் பாதை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. கிப்பன் கிளைக்குக் கிளை கையால் தொங்கித் தாவும் பிராணி, தரையில் இறங்குவது அபூர்வம். பாதைக்கு இந்தப்புறம் மாட்டிக்கொண்டால் அந்தப்புறம் போவது பெரும்பாடு. பெருங்களத்தூர் ரயில்வே கேட்டில் வருஷக்கணக்காகக் கால்கடுக்க நின்றவர்களுக்கு அந்த அவஸ்தை புரியும். நமக்காவது கேட் ஒருநாள் திறந்தது, பிறகு மேம்பாலமும் வந்தது. வடகிழக்கில் இப்படித் துண்டுபட்ட காடுகளில் மாட்டிக்கொண்ட கிப்பன்களைப் பிடித்து வேறு காட்டுக்கு மாற்றிவிட வேண்டிய நிலைகூட வந்திருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் தனியாக ஒரு கிப்பன் உட்கார்ந்திருந்தால், அது ஏன் தனியாக இருக்கிறது என்று கேட்பவர் முதலில் எண்ண வேண்டியது மரங்களை. தாவ ஒரு கிளை இல்லாததைக் கற்பு என்று எழுதி வயலின் வாசித்துவிட்டார்கள்.

இதை ஒரு உறவினரிடம் சொன்னேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்கு அண்ணன் முறை. விடுவாரா? "கிப்பனை விடும்மா, நம்ம சங்கப் பாட்டிலேயே இருக்கே" என்று குறுந்தொகை 69ஆம் பாட்டை எடுத்துப்போட்டார். கடுந்தோட் கரவீரன் பாடியது. ஆண் குரங்கு இறந்துபோகிறது. கைம்மையைத் தாங்காத மந்தி, இன்னும் மரமேறிப் பழகாத தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு, மலையுச்சியிலிருந்து குதித்து உயிரை விடுகிறது. உள்ளத்தை உலுக்கும் பாட்டுத்தான், மறுக்கவில்லை.

ஆனால் அண்ணா, அது யார் யாருக்குச் சொன்னது? தோழி தலைவனுக்குச் சொன்னது. ராத்திரியில் மலைப்பாதை வழியாக அவளைப் பார்க்க வராதே, வழியில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் கதி என்ன என்று பயந்து சொல்கிறாள். அந்த மலைநாட்டான் காதில் உறைக்கட்டும் என்றுதான் குரங்கைக் கூப்பிட்டிருக்கிறாள். உயிரோடு இருக்கும் ஆணைப் பத்திரமாக இருக்கச் சொன்ன பாட்டை, கணவனை இழந்த பெண்ணுக்கு எதிராகத் தீர்ப்பாகப் படிப்பது பாட்டுக்கே அநியாயம்.

விலங்கியல் ஆசிரியையாக அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்த இடம் வேறு. குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்தது. அது கண்ணால் பார்த்தவன் எழுதியது போலவே இருக்கிறது. திருக்கழுக்குன்றம் படிக்கட்டில் நம் கையிலிருந்து தேங்காயைப் பிடுங்குமே அந்த நாட்டுக்குரங்கு, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்தில் நிரந்தரக் குடிகள் பெண்கள்தான். பாட்டி, அம்மா, பெண், பேத்தி, சித்தி, பெரியம்மா. ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டத்துக்குப் போய்விடுவார்கள். நம் வழக்கத்துக்கு நேர்மாறு, அங்கே மாப்பிள்ளைதான் புக்ககம் போகிறான். அதனால் தாய்க்குரங்குக்குச் சுற்றம் என்பது வெறும் அலங்காரச் சொல் இல்லை. அதே சமயம் அந்தக் கூட்டத்தில் பல ஆண், பல பெண். ஜோடி என்ற பேச்சே கிடையாது. கைம்மை என்ற சொல்லுக்கு அங்கே பொருளே இல்லை.

நம் காடுகளில் உள்ள மற்றவற்றையும் பார்த்துவிடலாம். வண்டலூர் பூங்காவுக்கு உங்களை அழைத்துப்போகும்போது கூண்டுக்கு முன்னால் நின்று இதையெல்லாம் சொல்லியிருக்கிறேன், நீங்கள் முறுக்கு தின்பதிலேயே குறியாக இருந்தீர்கள். வால்பாறைப் பக்கம் இருக்கும் சிங்கவால் குரங்கும், நீலகிரியின் கருமந்தியும் பெரும்பாலும் ஒரு ஆண், பல பெண் என்ற கூட்டம். தேவாங்குக்காக 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் சரணாலயத்தை அறிவித்தார்களே, இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். பார்க்கப் பரம சாதுவான அந்தத் தேவாங்கு ராத்திரியில் தனித்தனியாக இரை தேடும். பெண் பருவத்துக்கு வந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்கள் பின்னால் அலையும். தமிழ்நாட்டுக் குரங்கினங்களில் ஒருதுணை வாழ்க்கைக்குச் சாட்சி சொல்ல ஒன்றுகூட வராது. அதனால்தான் வீடியோ எடுத்தவர் அசாம் வரை போக வேண்டியிருந்தது.

ஆண் தலைவன் போய்விட்டால் மந்திக்கு உண்மையிலேயே என்ன நடக்கிறது? இதற்கான பதில் நம் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் தார்வாடில் யுகிமாரு சுகியாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர் அனுமன் மந்திகளைப் பின்தொடர்ந்தார். முகமும் கையும் கறுத்து, நீண்ட வாலோடு இருக்கும் சாம்பல் மந்தி. வெளியிலிருந்து வந்த ஆண்கள் கூட்டத்தின் தலைவனை விரட்டிவிட்டு இடத்தைப் பிடித்தன. புதிய தலைவன் கைக்குட்டிகளைக் கடித்துக் கொன்றது. 1970களில் ராஜஸ்தானின் அபு மலையில் சாரா ஹர்டி என்ற அமெரிக்கப் பெண்மணி இதையே பல கூட்டங்களில் ஆராய்ந்து ஒரு விளக்கம் சொன்னார். பாலூட்டும் தாய் சினைக்கு வராது. குட்டி போனால் சீக்கிரம் வந்துவிடும், புதியவன் தன் குட்டியைப் பெறலாம். ஹர்டி இன்னொன்றும் சொன்னார். பெண் மந்திகள் வெளி ஆண்களோடும் கூடுவதற்கு ஒரு காரணம், எந்தக் குட்டி யாருடையது என்று ஆண்களுக்கே தெரியாமல் குழப்பிவிடுவது. தன் குட்டியாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் கொல்ல மாட்டான் அல்லவா.

முதலில் இதை மற்ற ஆய்வாளர்கள் பலர் நம்பவில்லை. நெரிசலால் வந்த கோளாறு என்றார்கள். பிறகு சிங்கம் முதல் கொரில்லா வரை இதே போன்ற செய்திகள் வந்தன.

படிக்கவே கஷ்டமாக இருக்கிறதல்லவா? எனக்கும்தான். பிள்ளையைக் கொன்றவனோடேயே சில மாதத்தில் குடும்பம் நடத்துகிறது அந்த மந்தி. இயற்கையில் இப்படித்தான் இருக்கிறது, நாமும் இப்படி இருப்போம் என்று யாராவது வீடியோ போடுவார்களா? மாட்டார்கள். நமக்கு வேண்டியதை மட்டும் சொல்லும் பிராணியைத் தேடிப் பிடித்து அதன் வாயில் நம் வசனத்தை வைக்கிறோம்.

பெண்களை அடக்கத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்தால், எதிர்ப்பக்கமும் ஆள் இருக்கிறது. சில வருஷம் முன்பு இன்னொரு பழைய மாணவன், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு வேறு வீட்டில் இருப்பவன், ஒரு கல்யாண வரவேற்பில் என்னிடமே வந்து வாதாடினான். "டீச்சர், நீங்களே சொல்லிக்குடுத்ததுதான். சிம்பன்சி நமக்கு ரொம்ப நெருங்கின சொந்தம். அதுங்க ஒண்ணோட நிக்குதா? ஆம்பளைக்கு இதெல்லாம் ஜீன்லயே இருக்கு." நான் சொல்லிக்கொடுத்தது உண்மைதான். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு அவன் எத்தனை மதிப்பெண் வாங்கினான் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது, சபையில் சொல்லவில்லை.

அவனுக்கும் சேர்த்துக் கொஞ்சம் கணக்கு. 2013 ஜூலையில் இரண்டு ஆய்வுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தன. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த லூகாஸ், கிளட்டன்-பிராக் இருவரும் 2,500க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களைக் கணக்கெடுத்தார்கள். ஜோடியாக வாழ்பவை நூற்றுக்கு 9தான். பறவைகளில் நூற்றுக்கு 90 வரும். காரணம் சுலபம். முட்டையை அப்பாவும் அடைகாக்கலாம், இரை கொண்டுவந்து ஊட்டலாம். பாலூட்டியில் கர்ப்பமும் பாலும் அம்மாவோடு போயிற்று, அப்பாவுக்குச் செய்ய வேலை குறைவு. குரங்கினங்களை மட்டும் எடுத்தால் ஜோடி வாழ்க்கை கால்பங்குக்குச் சற்று மேல். ஏன் என்பதில் இரு குழுவுக்கும் சண்டை. பெண்கள் தனித்தனியாகச் சிதறி வாழ்ந்ததால் ஒரு ஆணால் ஒருத்திக்கு மேல் காவல் காக்க முடியவில்லை, அதனால் ஒருத்தியோடேயே தங்கிவிட்டான் என்கிறது கேம்பிரிட்ஜ் தரப்பு. லண்டனைச் சேர்ந்த கிட் ஓப்பி குழு 230 குரங்கினங்களை எடுத்துக்கொண்டு, குட்டியை வெளி ஆண் கொல்லாமல் காவல் காக்கத்தான் அப்பா கூடவே தங்கினான் என்றது. இன்னும் இந்தச் சண்டை தீரவில்லை. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அதில் கற்பும் இல்லை, காதலும் இல்லை. இடமும் இரையும் ஆபத்தும்தான்.

மாணவனே, உன் சிம்பன்சிக்கு வருகிறேன். உடம்பை வைத்துக் கொஞ்சம் ஊகிக்கலாம். கொரில்லாவில் ஒரு ஆண் பல பெண்களை வைத்துக்கொள்கிறது, மற்ற ஆண்களை விரட்ட உடல்பலம் வேண்டும், அதனால் ஆண் கொரில்லா பெண்ணைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. கிப்பனில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். மனிதனில் ஆண் கொஞ்சம்தான் பெரியவன். கொரில்லாவை விட கிப்பனுக்குப் பக்கம். விந்தகத்தின் அளவும் ஒரு சாட்சி. (வகுப்பில் இந்த இடத்தில் கடைசி பெஞ்சில் சிரிப்பு கேட்கும். இப்போது சிரிப்பவர்களுக்கு நாற்பது வயதாகியிருக்கும்.) பல ஆண்கள் போட்டியிடும் சிம்பன்சிக்கு அது மிகப் பெரியது, போட்டியே இல்லாத கொரில்லாவுக்குச் சிறியது. மனிதன் இடையில். உன் உடம்பு உன் கட்சிக்குச் சாட்சி சொல்ல வரவில்லையப்பா. அந்தக் கொழுந்தனார் கட்சிக்கும் முழுசாக வரவில்லை. இரண்டுங்கெட்டான் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நேர்மையாக இருக்க வேண்டுமென்றால் எனக்குப் பாதகமான சாட்சியையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் புல்வெளிகளில் பிரெய்ரி வோல் என்று எலி போன்ற சின்னப் பிராணி. 1970களில் இல்லினாய் மாநிலத்தில் லோவெல் கெட்ஸ் என்பவர் பொறி வைத்துப் பிடித்தபோது ஒரே ஆணும் பெண்ணும் திரும்பத் திரும்பச் சேர்ந்தே மாட்டியதைக் கவனித்தார். அங்கே ஆரம்பித்த ஆராய்ச்சி மூளை வரை போனது. ஆக்ஸிடோசின், வாசோப்ரெசின் என்ற இரண்டு ஹார்மோன்களைப் பிணைப்புக்குக் காரணம் என்றார்கள். வாசோப்ரெசினை ஏற்கும் மரபணுவை, ஜோடி சேராத இன்னொரு வகை வோலின் மூளையில் செலுத்தினால் அதுவும் துணையோடு ஒட்டிக்கொள்கிறது என்று 2004இல் காட்டினார்கள். பத்திரிகைகள் ஆக்ஸிடோசினுக்குக் காதல் ஹார்மோன் என்று பெயர் வைத்துக் கொண்டாடின. 2023இல் ஆக்ஸிடோசின் ஏற்பியே இல்லாத வோல்களை உருவாக்கிப் பார்த்தால், அவையும் வழக்கம்போல ஜோடி சேர்ந்து குட்டி வளர்த்தன. விஞ்ஞானம் இப்படித்தான், கொண்டாட்டத்தை முடிக்க விடாது.

இந்தப் பிராணியில், துணையை இழந்தவற்றில் பெரும்பாலானவை புதுத் துணை தேடுவதில்லை. இது வெளியில் கவனித்த உண்மை. கொழுந்தனார் கிப்பனுக்குப் பதில் இதை எடுத்திருந்தால் எனக்குப் பதில் சொல்லச் சிரமமாகியிருக்கும். ஆனால் அந்தப் பிராணி காட்டில் பெரும்பாலும் ஒரு வருஷத்தைக்கூடப் பார்ப்பதில்லை. முப்பதுகளில் கணவனை இழந்த பெண்ணுக்கு முன்னால் இன்னும் ஐம்பது வருஷம் கிடக்கலாம். அதோடு, ஜோடியாக வாழும் வோல் பெண்ணின் எல்லாக் குட்டிகளும் கூட வாழும் ஆணுக்கே பிறந்தவை அல்ல என்று மரபணுச் சோதனை காட்டியிருக்கிறது. சேர்ந்து குடித்தனம் நடத்துவது ஒன்று, பிற தொடர்பே இல்லாமல் இருப்பது இன்னொன்று. 1980களின் கடைசியில் மரபணுச் சோதனை வந்த பிறகு, பதிவிரதை என்று பேர் வாங்கியிருந்த பறவைகளில் பலவற்றின் மானம் கப்பலேறிவிட்டது.

எல்லாமே வேஷம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தென் அமெரிக்காவில் அர்ஜென்டினாவின் ஃபோர்மோசா பகுதியில் ஆந்தைக் குரங்குகளை 1996 முதல் எடுவார்டோ ஃபெர்னாண்டஸ்-டூக்கே குழு பார்த்துவருகிறது. ஆந்தைக் கண், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான். மரபணுச் சோதனையில் குட்டிகள் எல்லாம் கூட வாழும் ஆணுக்கே பிறந்தவை. அசல் ஏகபத்தினி விரதம். குட்டி பிறந்த சில நாளிலேயே சுமப்பது அப்பா வேலை, பால் குடிக்க மட்டும் அம்மாவிடம் போகும். இந்தத் தகப்பனை நினைத்தால் எனக்கு நம் தெருவில் பள்ளிக்கூடப் பை, குடை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு போகும் ஒருவர் ஞாபகம் வருவார். ஆனால் இந்த உத்தமர்களின் வாழ்க்கையும் நிலையில்லாதது. துணையில்லாமல் சுற்றும் ஒரு வெளி ஆணோ பெண்ணோ வந்து சண்டைபோட்டு ஜோடியில் ஒருவரைத் துரத்திவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மிஞ்சியது புதியவரோடு வாழத் தொடங்கும். இப்படித் துணை மாறியவை, மாறாதவற்றை விடக் குறைவாகவே குட்டி பெறுகின்றன. அதாவது பிரிவுக்கு ஒரு விலை இருக்கிறது. இருந்தும் வாழ்க்கை நடக்கிறது.

துக்கத்தையும் நான் மறுக்கவில்லை. செத்த குட்டியை நாட்கணக்கில் சுமந்து திரியும் தாய்க்குரங்குகளை நம் தென்னிந்தியக் காடுகளிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். நாற்றம் வந்து, உலர்ந்த பிறகும் கீழே போடாது. அந்தத் தாய் பிறகு ஒருநாள் போட்டுவிட்டு இரை தேடப் போகும், அடுத்த குட்டியும் பெறும். முதல் குட்டிமேல் அதற்கு அன்பில்லை என்று நாம் சொல்வதில்லை. என் மாணவி கணவருக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் தேடி ராத்திரி முழுக்க அலைந்த கதை அந்தக் குடும்பக் குழுவில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு ஆண், ஒரு மனைவி என்பதே இயற்கை விதி என்று நினைப்பவர்கள் நம் ஊர்ச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். இந்து ஆண் ஒரு மனைவி இருக்க இன்னொரு பெண்ணை மணப்பதை நம் சென்னை மாகாணம் தடுத்தது 1949இல்தான். இந்தியா முழுமைக்கும் 1955இல் இந்துத் திருமணச் சட்டம் வந்தது. அதுவரை இரண்டு தாரம், மூன்று தாரம் சட்டப்படி தவறில்லை. உங்கள் வீட்டுப் பழைய குடும்பப் படங்களைப் பாருங்கள், நடுவில் ஒரு தாத்தா, இருபுறமும் இரண்டு பாட்டி. அந்தத் தாத்தாக்களிடம் யாரும் கிப்பனைக் காட்டவில்லை. விதவை மறுமணம் செல்லும் என்ற சட்டமோ அதற்கு 90 வருஷத்துக்கும் மேல் முன்பே, 1856இல் வந்துவிட்டது. அவள் மணக்கலாம் என்று சட்டம் சொன்ன பிறகும் இவன் இன்னும் எத்தனை வேண்டுமானாலும் மணக்கலாம் என்ற நிலைமை 90 வருஷத்துக்கும் மேல் இருந்தது. மறுமணம் செய்யும் பெண்ணுக்கு நிதியுதவி தர டாக்டர் தருமாம்பாள் அம்மையார் பெயரில் நம் மாநில அரசிலேயே ஒரு திட்டம் இருக்கிறது. பதினொரு வயதில் விதவையாகி, பிறகு பட்டம் பெற்று, ஐஸ் ஹவுஸில் விதவைகளுக்கு இல்லம் நடத்திய சகோதரி சுப்பலட்சுமி 1954இல் சமூகநல மையம் தொடங்கியது நமக்குப் பக்கத்து மாடம்பாக்கத்தில்தான். இவர்கள் யாரும் குரங்கைப் பார்த்து முடிவெடுக்கவில்லை. எதிரில் நின்ற பெண்ணைப் பார்த்து எடுத்தார்கள்.

ஒருவரோடு ஒருவர் கடைசிவரை வாழ்வதை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். என் வீட்டுக்காரரோடு எனக்கு இது முப்பத்தெட்டாவது வருஷம். இயற்கை கட்டளையிட்டு வந்ததல்ல அது. தினமும் நாங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே எடுக்கும் முடிவு. கிப்பன் மாதிரி காலையில் சேர்ந்து பாடுவதும் கிடையாது, தினத்தந்தியை யார் முதலில் படிப்பது என்ற சத்தம்தான் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். விட்டுப்போன அந்த மாணவனிடம் எனக்குள்ள கோபமும் அதே காரணத்தால்தான். நீ ஒரு முடிவு எடுத்தாய், அதை உன் முடிவு என்று சொல்லு. சிம்பன்சி தலையில் கட்டாதே.

கொழுந்தனாருக்கு, இது உங்கள் கண்ணில் படும் என்று தெரியும். அண்ணனை இழந்தது உங்களுக்கும் பெரிய அடி. அந்த வீட்டில் அவர் இடத்தில் இன்னொருவர் உட்காரப் போகிறார் என்ற வலியில்தான் அதை அனுப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வலியை நேரில் உங்கள் அம்மாவிடமும் அண்ணியிடமும் சொல்லியிருந்தால் அவர்கள் கேட்டிருப்பார்கள். இப்போதும் கேட்பார்கள். சாப்பாட்டுக்கு வாருங்கள், உங்கள் பக்கத்து இலையில் நான் உட்காருகிறேன்.

மாணவியே, உன் கேள்விக்குப் பதில்: கிப்பன் ஜோடியாக வாழ்வது உண்மை. துணை போனால் பட்டினி கிடந்து சாவது உண்மையில்லை. முழு மதிப்பெண் வேண்டுமானால் காவ் யாய் பெயரையும் சேர்த்து எழுது.

உன் பெண் என்னிடம், "பாட்டி, கிப்பனுக்கு ஏன் வாலில்லை?" என்று கேட்டிருக்கிறாள். பரீட்சை விடுமுறையில் வண்டலூருக்கு அழைத்துப் போய்ச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பூங்கா விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது. புதனோ வியாழனோ போகலாம். பழைய பிள்ளைகள் யாராவது குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருவதானால் கீழே சொல்லுங்கள், பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் காலை ஒன்பது மணிக்கு நிற்கிறேன். முறுக்கு நானே கொண்டுவருகிறேன்.